இன்னொரு கல்பாலம்

குவாங்தாய் வந்து விஷயத்தைச் சொன்னபோது ரூயிலான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் உள்ளே வரவில்லை. ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்கும்படி நின்றுகொண்டே சொன்னான். செத்துப்போன கணவனின் அண்ணன், ஊர்ச் செயலாளர், செங்கல் சூளைக்கு முதலாளி, இத்தனையும் இருந்தும் இந்த ஒருத்தியிடம் மட்டும் அவனுக்கு உள்ளூர உதறல்.

ஊரின் பேரை மாற்றப்போகிறார்கள். ஒரே வட்டாரத்தில் ஷிச்சியாவ், அதாவது கல்பாலம், என்ற பேரில் இரண்டு ஊர் இருக்கிறதாம். தபால் மாறிப் போகிறதாம், உர லாரி மாறிப் போகிறதாம், புதிதாகப் போடுகிற நெடுஞ்சாலையில் நீலப் பலகை வைக்க வேண்டுமாம், அதில் ஒரே பேரை இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு எழுத முடியாதாம். எந்த ஊர் விட்டுக்கொடுக்கிறதோ அதற்குத் தெருவெல்லாம் சிமெண்ட் போட்டுத் தருவார்கள். புதுப் பேர்கூடத் தயாராக இருக்கிறது, மகிழ்ச்சிப் புதூர்.

"யாருக்கு மகிழ்ச்சி?" என்றாள் ரூயிலான்.

அவன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். மாவுக் கையோடு அவள் எழுந்து வந்ததைப் பார்த்ததும், வெளியே இருந்த காலோடு உள்ளே இருந்த காலும் போய்ச் சேர்ந்துகொண்டது.

"என்னைக் கொன்னு அந்தச் சூளையில போட்டு எரிச்சிட்டு அப்புறம் மாத்துங்க, அத்தான். உங்க சிமெண்டைக் கொண்டுபோய் உங்க வாசல்ல கொட்டிக்கங்க."

அவளுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கோயில் சந்தையில், சல்லடைக்குப் புதுக் கம்பி கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். ஷியாவ்மான். ஐந்து வயது. கதிரில் பால் பிடிக்கிற நாளில் பிறந்தான் என்று அந்தப் பேர். எவனோ தூக்கிக்கொண்டு போனான், எங்கோ தெற்கே கொண்டுபோய், ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் கொடுத்துவிட்டான். அப்படித்தான் இருக்கும் என்று போலீஸில் சொன்னார்கள். சொன்னதோடு அவர்கள் வேலை முடிந்தது.

பிள்ளை பேசத் தொடங்கியதுமே ரூயிலான் அவனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். எந்த ஊரு? கல்பாலம். அப்பா என்ன பண்றாரு? செங்கல் சுடறாரு. தூங்கப் போகும்போது கேட்பாள், குளிப்பாட்டும்போது கேட்பாள், அவனும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுவான். மாவட்டம் சொல்லித் தரவில்லை. ஹெனான் என்று மாநிலம் சொல்லித் தரவில்லை. யார்தான் சொல்லித் தருவார்கள்? அந்த வட்டாரத்தில் பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவளுக்குக் கல்பாலம் என்றால் கல்பாலம்தான், வானத்துக்கு முகவரி எழுதுகிறோமா என்ன. போலீஸ்காரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அம்மா, இந்த நாட்டில் எத்தனை கல்பாலம் இருக்கிறது தெரியுமா, ஓடை இருக்கிற இடமெல்லாம் ஒரு கல்பாலம் என்று சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் தலையில் அவளே அடித்துக்கொண்டாள். அதன் பிறகு கோபத்தை வெளியே திருப்பிவிட்டாள், அது இன்று வரைக்கும் உள்ளே வரவில்லை.

கணவன் குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்தான். குவாங்தாயின் மகனைச் சுவீகாரம் எடுத்துக்கொள் என்றார்கள், நகரத்துக்குப் போ என்றார்கள், இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்றுகூடச் சொன்னார்கள். அவள் அசையவில்லை. பிள்ளையிடம் இருப்பது ஒரு பேர். அந்தப் பேரைத் தேடிக்கொண்டு அவன் வருவான், வருகிறபோது அந்தப் பேர் இங்கே இருக்க வேண்டும், அந்தப் பேருக்குள் தான் இருக்க வேண்டும். இதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியதில்லை. இதையும் பிடுங்கி ஒரு நீலப் பலகைக்குக் கொடுக்கப் பார்த்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

இதற்கு நடுவில் அந்த இன்னொரு கல்பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. அங்கே பாலம் நிஜமாகவே இருக்கிறது, மூன்று வளைவு, நடு வளைவில் சிமெண்ட் பூசிய ஒட்டு. ரூயிலானின் ஊரில் இருந்த பாலம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. இரண்டு கல் மட்டும் ஓடையில் துருத்திக்கொண்டு நிற்கும், அதில் பெண்கள் துணி துவைப்பார்கள். ஆனால் தங்கள் பாலம்தான் மூத்தது, பேர் தங்களுடையது, அந்தத் திருட்டுப் பயல்கள் பிற்பாடு பாலம் கட்டிப் பேரையும் அபகரித்தார்கள் என்பது இந்த ஊர்க் கட்சி. அந்த ஊர்க் கட்சி இதற்கு நேர் எதிர். இரண்டு தலைமுறையாக ஒருவரை ஒருவர் கல்பாலம் என்று சொன்னதே கிடையாது. அவர்கள் இவர்களைக் கரைமேடு என்பார்கள். இவர்கள் அவர்களை ஆட்டுப்பட்டி என்பார்கள். வெளியாள் யாராவது வந்து, பக்கத்தில் இன்னொரு கல்பாலம் இருக்கிறதாமே என்று கேட்டால் இரண்டு ஊரிலும் ஒரே பதில்தான், அப்படி ஒன்றும் கிடையாது. கல்யாண வேனைக்கூட அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரிப்பார்கள். ரூயிலானும் சிரித்திருக்கிறாள்.

வட்டார அலுவலகத்தில் இரண்டு ஊரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். குவாங்தாய் அவளை அழைத்துப்போக விரும்பவில்லை. ஆனால் அவள் அவனுக்கு முன்னால் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அறையில் சூரியகாந்தி விதை தட்டில் வைத்திருந்தார்கள், வெந்நீர்க் குடுவை இருந்தது, ஆளுக்கொரு மூடி போட்ட தேநீர்க் கோப்பை. அதிகாரி மெங் இளவயசுக்காரர், நல்ல மனிதர்தான், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

குவாங்தாய் எழுந்து வளவளவென்று பேசினான். ஊரின் பெருமை, பழைய பாலம், முன்னோர் என்று ஆரம்பித்து, வழியில் எங்கேயோ திரும்பி, ஆனாலும் காலத்துக்கேற்றபடி நாமும் மாற வேண்டும், சிமெண்ட் தெரு என்பது சின்ன விஷயமில்லை என்று வந்து நின்றான். ரூயிலானுக்குப் புரிந்துபோயிற்று. பயல் ஏற்கெனவே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். சூளைச் செங்கல்லும் அந்தத் தெருவுக்குப் போகும் போலிருக்கிறது.

"உட்காருங்க அத்தான்," என்றாள். "சார், நான் சொல்றேன். மகிழ்ச்சிப் புதூர்னு வைக்கணும்னீங்களாமே. நெடுக மகிழ்ச்சிப் புதூர்தானே இருக்கு? நம்ம மாவட்டத்துலயே எனக்குத் தெரிஞ்சு நாலஞ்சு. ஒரே பேரு ரெண்டு ஊருக்கு வேண்டாம்னு எங்க பேரைப் பிடுங்கி, பத்து ஊருக்கு இருக்கிற பேரை எங்களுக்கு ஒட்டுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். மெங் கூடக் கோப்பைக்குள் சிரித்தார். அவள் தன் பிள்ளையைப் பற்றியும் சொன்னாள், சுருக்கமாக, அழாமல். பேரை எடுத்தால் அவன் எதைத் தேடி வருவான் என்று கேட்டாள். மெங் தர்மசங்கடமாக நெளிந்தார். எந்த ஊருக்கு அந்தப் பேர் அதிகம் உரியது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்றார்.

அவள் பேசியதில் காதே வைக்காமல், இதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்தார் ஹோ தேஷுன். ஆட்டுப்பட்டிக்காரர்களின் பெரிய தலை. எழுபதை நெருங்கும் வயசு, பாலத்துக்குப் பக்கத்துக் கடை அவருடையதுதான். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

அவர் பேச்சு சாமர்த்தியமான பேச்சு. பழங்கதை எதற்கு என்று கேட்டார். இவர்கள் முன்னோர் சொன்னதை இவர்கள் சொல்வார்கள், எங்கள் முன்னோர் சொன்னதை நாங்கள் சொல்வோம், அது விடியும் மட்டும் ஓடும். உலகம் எதைக் கல்பாலம் என்கிறது, அதைப் பாருங்கள் என்றார். லாரிக்காரன் எங்கே வருகிறான்? பஸ் எங்கே நிற்கிறது? சுற்றிப் பார்க்க வருகிறவன் எந்தப் பாலத்தில் நின்று படம் பிடிக்கிறான்?

"ஏன் சார், போன வருஷம் கோதுமை அறுப்பு முடிஞ்ச கையோட ஒரு பையன் வந்தான். தெற்கே ஃபூஜியான்ல இருந்து, எவ்வளவு தூரம் பாருங்க. கல்பாலம் எதுன்னு கேட்டுக்கிட்டு நேரா எங்க ஊருக்குத்தானே வந்தான்? கரைமேட்டுக்கா போனான்?"

ரூயிலான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு வந்தான்?" என்றாள்.

அவர் அவள் பக்கம் திரும்பாமல் அதிகாரியைப் பார்த்தே பதில் சொன்னார். வழக்கில் நல்ல சாட்சி கிடைத்த சந்தோஷம் அவர் குரலில் இன்னும் இருந்தது. "அப்பா அம்மாவைத் தேடிக்கிட்டு வந்தானாம். சின்ன வயசுல யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்களாம், ஊர் பேரு மட்டும்தான் ஞாபகமாம். எங்க ஊர்ல பிள்ளை தொலைஞ்ச வீடே இல்லைப்பான்னு சொன்னேன்."

"வேற என்ன சொன்னான்?"

"அப்பா செங்கல் சுடறவர்னான். எங்க ஊர்ல ஏது சூளை…"

அந்த வார்த்தையைச் சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடி நின்றார். அறையில் ஒருவரும் விதை கடிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரூயிலான் எழுந்தாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். குரல் அடியிலிருந்து, கரகரவென்று வந்தது.

"எங்க சூளைப் புகை உங்க பாலத்துல நின்னாத் தெரியும். தினம் பாக்கறியா இல்லையா?"

"பாக்கறேன்," என்றார்.

"எங்க வீட்டுல பிள்ளை தொலைஞ்சது உனக்குத் தெரியும்."

"தெரியும். இந்த வட்டாரத்துக்கே தெரியும்."

"பக்கத்துல வேற கல்பாலம் இருக்கான்னு அவன் கேட்டானா?"

கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கேட்டானா, யோவ்?"

"கேட்டான்மா. இல்லைன்னேன். சத்தியமாச் சொல்றேன், கெட்ட எண்ணத்துல சொல்லலை. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்றது. சின்ன வயசுல இருந்தே சொல்லி சொல்லி… அவன் கரைமேடுன்னு கேட்டிருந்தா வழி காட்டியிருப்பேன். கல்பாலம்னுதானே கேட்டான்."

இதைவிட அவர் தன்னை இரண்டு அறை அறைந்திருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது. குவாங்தாய் பாய்ந்து கிழவரின் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். பாவி, சண்டாளா, ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட்டாயே என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். ஆட்டுப்பட்டி ஆட்கள் எழுந்தார்கள், நாற்காலி சாய்ந்தது, மெங் மேஜையைத் தட்டினார். ரூயிலான் போய் குவாங்தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க. நீங்க மட்டும் என்ன கிழிச்சிருப்பீங்க?"

அவன் திகைத்துப் போய் அவளைப் பார்த்தான்.

"அங்க பிள்ளையைத் தொலைச்ச ஒருத்தி இருந்து, அவ மகன் நம்ம ஊருக்கு வந்து கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? நான் என்ன சொல்லியிருப்பேன்? வேற கல்பாலமா, அப்படி ஒண்ணும் இல்லையேன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து சிரிச்சிருப்பேன்." அவள் தன் மார்பில் ஓங்கி ஒரு குத்துக் குத்திக்கொண்டாள். "பேரைக் காப்பாத்தறேன் காப்பாத்தறேன்னு நான் உள்ளுக்குள்ள உக்காந்திருக்கேன். என் பிள்ளை நாலு கிலோமீட்டர்ல வந்து நின்னு, இது இல்லைன்னு திரும்பிப் போயிருக்கான்."

இத்தனை வருஷமும் அவள் பயந்தது பேர் இல்லாமல் போனால் அவன் வர மாட்டான் என்று. அவன் வந்துவிட்டான். வந்து, கேட்டு, தெரிந்துகொண்டு, இந்த வட்டாரத்தையே மனசிலிருந்து அழித்துவிட்டுப் போய்விட்டான். இனி அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா? பலகையில் பேரைப் பொன்னால் எழுதி வைத்தாலும் என்ன பிரயோசனம்? அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டடத்தையே பிய்த்து எறியலாம் போலிருந்தது.

"எங்க போனான்?" என்றாள்.

"அன்ஹுய் பக்கம் ஒரு கல்பாலம் இருக்காம், அடுத்தது அதைப் பாக்கணும்னான். அங்க இல்லைன்னா ஹூபேய்ல இருக்காம். லீவு கிடைக்கிறப்ப எல்லாம் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வர்றேன்னு சொன்னான்."

"போன் நம்பர் ஏதாவது குடுத்தானா?"

"குடுக்கறேன்னான். எதுக்குப்பான்னுட்டேன்."

அப்போது மெங் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருத்தமான விஷயம்தான், விசாரிக்கச் சொல்லி மேலே எழுதலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, பேர் விவகாரத்தை இன்றைக்குத் தள்ளிவைக்கலாமா அல்லது முடித்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். பாவம், அவர் வேலை அது.

"பேரா? யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்க சார்," என்றாள் ரூயிலான். "எடுத்துப் பொங்கித் தின்னுங்க."

அவள் கிழவரின் கையைப் பிடித்தாள். சட்டைக் கையை அல்ல, மணிக்கட்டை. அவர் தொப்பி கீழே விழுந்தது.

"கிளம்பு."

"எங்கம்மா?"

"அன்ஹுய்க்கு. அங்க இல்லைன்னா ஹூபேய்க்கு. எனக்குத் தெரிஞ்சது அஞ்சு வயசு முகம். இப்போ அவன் எதிர்ல வந்து இடிச்சிட்டுப் போனாலும் எனக்குத் தெரியாது. வளந்த முகத்தைப் பாத்தவன் நீ ஒருத்தன்தான்."

கிழவரின் ஆட்கள் தடுத்தார்கள். வயசானவர், நெஞ்சு நோவு உள்ளவர், இதெல்லாம் நடக்கிற காரியமா என்றார்கள். அன்னிய ஆம்பளையோடு இப்படிக் கிளம்பினால் ஊர் என்ன பேசும் என்றான் குவாங்தாய். ஊர் பேசியதெல்லாம் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். கிழவர் குனிந்து தொப்பியை எடுத்துத் தட்டினார், தலையில் வைத்துக்கொண்டார், கடைச் சாவியைத் தன் ஊர்க்காரன் ஒருவன் கையில் கொடுத்தார். நான் அவனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பிவிட்டேன் என்று வழியில் மட்டும் ஒரு தரம் முனகினார். நினைச்சுப் பாரு, நினைச்சுப் பாத்தே ஆகணும் என்றாள் அவள்.

பஸ்ஸில் அவரைச் சன்னலோரம் தள்ளிவிட்டு அவள் வழியை அடைத்து உட்கார்ந்தாள். ஓடிப்போகிற ஆளும் இல்லை அவர். ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அறுவடை முடிந்த வயல்கள் மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறான், எப்படித் தூக்கம் வருகிறது இவனுக்கு என்று அவள் பல்லைக் கடித்தாள். அவர் தூங்கவில்லை.

"உசரமான பையன்," என்றார், கண்ணைத் திறக்காமலே. "எங்க கடை வாசல் நிலையில தலை இடிக்குமேன்னு குனிஞ்சு நின்னான். வெள்ளைச் சட்டை. நல்ல பேச்சு, மரியாதையா ஐயா ஐயான்னு பேசினான். பஸ்ல வந்த தூசி. தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

"குடுத்தேன். நின்னுக்கிட்டே குடிச்சான். அப்போதான் பாத்தேன், இடது புருவத்துல ஒரு வெட்டு. பழைய காயம். அந்த இடத்துல மட்டும் முடி முளைக்கலை."

சூளைத் தள்ளுவண்டியின் தகரம் கிழித்தது. மூன்று வயதில். ரத்தத்தை நிறுத்த அவள் தன் வாயாலேயே அந்த இடத்தை அழுத்திப் பிடித்திருந்தாள்.

அவள் கை தானாக எழுந்தது. பளாரென்று கிழவரின் கன்னத்தில் விழுந்த அறையில் முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நடத்துனர் எழுந்தே விட்டான். கிழவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கன்னத்தைத் தடவிக்கொள்ளவும் இல்லை.

"அப்புறம்?" என்றாள் அவள். "தண்ணி குடிச்சான். அப்புறம் என்ன பாத்த, சொல்லு."